‘2ஜி ஒன்லி’யைக் காணோம்

வேதாரண்யத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே உடைந்தது, பேட்டரி உப்பிவிட்டது, சார்ஜிங் பின் போய்விட்டது என்று வருவார்கள். உப்புக்காற்று ஊர் என்பதால் சார்ஜிங் பின் மட்டும் மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் கூடவே போகும். இப்போதெல்லாம் எதுவுமே உடையாத போனோடு வருகிறவர்களும் அதிகம். புது போன், மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். “அண்ணே, பழைய போன்ல இருந்த அந்த ஆப்ஷன் இதுல எங்க இருக்கு?”

எந்த ஆப்ஷன் என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. செட்டிங்ஸ், அதில் மொபைல் நெட்வொர்க், அதற்குள் ‘பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்’. முன்பு அதைத் தொட்டால் 2ஜி மட்டும், 3ஜி மட்டும், 4ஜி மட்டும், ஆட்டோ என்று வரிசையாக வரும். இப்போது 5ஜி ஆட்டோ, 4ஜி ஆட்டோ, 3ஜி ஆட்டோ என்று வருகிறது. எல்லாவற்றின் வாலிலும் ஓர் ஆட்டோ. அதாவது, மேலே எதுவரை ஏறலாம் என்று நீங்கள் சொல்லலாம்; கீழே எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல முடியாது. சில போன்களில் 5ஜி-க்கு ஒரு சுவிட்ச் இருக்கும், அவ்வளவுதான். இன்னும் சிலவற்றில் ஏதோ ஓர் அப்டேட்டுக்குப் பிறகு அந்த வரியே காணாமல் போயிருக்கும். ‘2ஜி ஒன்லி’ இன்னமும் இருக்கிற மாடல்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எதில் இருக்கும், எதில் இருக்காது என்பது போனின் விலையைப் பார்த்தோ பெட்டியைப் பார்த்தோ தெரியாது.

நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. தெருவுக்கு ஒரு டவர், போன் எதைப் பிடித்தாலும் ஓடும். ஆறுகாட்டுத்துறையிலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவருக்கு அப்படி இல்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் 4ஜி ஒற்றைக் கோடாக மெலிந்துவிடும். போன் அந்தக் கோட்டை விடாது. கோடு தெரியும், கால் போகாது. போனாலும் ‘ஹலோ, ஹலோ’வோடு சரி. அதே இடத்தில் 2ஜி மட்டும் என்று மாற்றினால் பேச முடியும். இதை அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். ஏன் அப்படி என்று பிற்பாடுதான் தேடிப் படித்தேன்.

படித்ததில் தெரிந்தது இது. போன் டவரைக் கேட்பது ஒரு பாதி, டவர் போனைக் கேட்பது மறு பாதி. டவர் பெரியது, அதன் குரல் கடல்மேல் தூரம் வரும். போன் திருப்பிச் சொல்வது அதுவரை போக வேண்டுமே. 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி-யில் ஒரு போன் உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பலாம். 4ஜி-யில் சாதாரண போன்களுக்கு வரம்பு 0.2 வாட். பத்தில் ஒரு பங்கு. அதுவும் 4ஜி-யில் பல டவர்கள் 1800, 2300 என்று உயர்ந்த அலைவரிசைகளில் ஓடுகின்றன. அலைவரிசை உயர உயரத் தூரம் குறையும். 2ஜி-க்கும் ஓர் எல்லை உண்டு. போனிலிருந்து கிளம்பும் அலை வந்து சேரும் தாமதத்தை டவர் 0 முதல் 63 வரை ஓர் எண்ணால் ஈடுகட்டும். ஒரு படிக்குச் சுமார் 550 மீட்டர், பெருக்கினால் 35 கிலோமீட்டர். தரையில் மரமும் கட்டடமும் குறுக்கே வருவதால் அந்த 35 யாருக்கும் முழுசாகக் கிடைப்பதில்லை. கடலில் குறுக்கே என்ன இருக்கிறது?

போட்டில் விஹெச்எஃப் வயர்லெஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஏலத்தில் நண்டு என்ன விலை போனது, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்பதையெல்லாம் ஊரே கேட்கிற வயர்லெஸ்ஸில் பேச முடியாது. பேட்டரி விஷயமும் உண்டு. ஆட்டோவில் இருக்கும் போன் சிக்னல் மெலிந்த இடத்தில் மேலேயும் கீழேயும் தேடிக்கொண்டே இருக்கும். காலையில் முழு சார்ஜோடு போன போன் திரும்பி வரும்போது செத்திருக்கும்.

புது போனில் அந்த வரி இல்லை என்று சொன்னதும் ஆறுகாட்டுத்துறைப் பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நானே பாத்து மாத்திக்கிறேன்னுதானே தம்பி சொல்றேன். அவன வந்து மாத்தித் தரச் சொல்லலியே?” என்றார். இந்த விவகாரத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

பழைய கதை கொஞ்சம். நான் கடை போட்ட காலத்தில் நோக்கியா பட்டன் போன்கள்தான் ராஜா. அதில் ‘நெட்வொர்க் செலக்‌ஷன்’ என்று ஒன்று: ஆட்டோமேட்டிக், மேனுவல். மேனுவலை அழுத்தினால் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, சுற்றுவட்டாரத்தில் எந்தெந்தக் கம்பெனி டவர் உயிரோடு இருக்கிறது என்று பட்டியல் போடும். 2ஜி-யில் நெட் தரும் ஜிபிஆர்எஸ் வந்த பிறகு ஏபிஎன், அதாவது நெட் கிடைக்கப் போனில் எழுத வேண்டிய கம்பெனியின் முகவரி, போடுவது கடைக்கு ஒரு தனி வருமானம். ஏர்டெல் என்றால் ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், பிஎஸ்என்எல் என்றால் பிஎஸ்என்எல்நெட். கம்பெனியிலிருந்து செட்டிங்ஸ் எஸ்எம்எஸ் வரும், ‘இன்ஸ்டால்’ கொடுக்க வேண்டும். வராவிட்டால் கையால் அடித்துக்கொடுப்பேன். இருபது ரூபாய் வாங்குவேன். தெரிந்தவர்கள் டீயோடு முடித்துக்கொள்வார்கள்.

மேனுவல் சர்ச்சின் அருமை தெரிந்தது 2018-ல். அந்த வருஷத் தொடக்கத்தில், எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கையில் இருந்த ஒரு கம்பெனி படுத்துவிட்டது. ஏர்செல்தான், உங்களுக்கே தெரியும். நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டுமென்றால் அந்த சிம்மிலிருந்தே ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும். போவதற்கு சிக்னல் இல்லை. மேனுவலில் தேடு, 2ஜி-க்கு மாற்று, 3ஜி-க்கு மாற்று, மாடியில் ஏறு என்று ஏதாவது ஒரு வழியில் ஒரு நிமிஷம் சிக்னல் பிடித்து அனுப்பினோம். பேங்க், ஆதார், கேஸ் எல்லாமே அந்த நம்பரில் தொங்கிக்கொண்டிருந்ததால் அது சின்ன விஷயம் இல்லை.

அதே வருஷம் நவம்பர் 16 அதிகாலை கஜா. வேதாரண்யத்துக்காரனுக்குக் கஜாவைப் பற்றி யாரும் சொல்ல வேண்டாம். தென்னை போனது, கூரை போனது, உப்பளம் போனது. டவரும் போனது. யாருடைய டவர் எப்போது திரும்ப வரும் என்று அறிவிப்பவர் யாரும் இல்லை. மேனுவல் சர்ச்தான் அறிவிப்பு. இன்று அகஸ்தியம்பள்ளிப் பக்கம் போனால் பட்டியலில் இந்தப் பெயர் வருகிறதாம் என்று ஒருவர் சொல்வார். அந்தக் கம்பெனி சிம் யாரிடம் இருக்கிறது என்று தேடி, அதை வாங்கிப் போட்டு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொன்னார்கள். ஜெனரேட்டர் வைத்து சார்ஜ் போட்டுக்கொடுத்தபோது என் கடையில் ஓடிய ஒரே வேலை இதுதான்.

சரி, போன் தானாக எப்படி முடிவெடுக்கிறது? இதற்கு உலகம் முழுக்க ஒரே விதிதான், 3ஜிபிபி என்ற அமைப்பு எழுதியது. முதலில் சொந்த நெட்வொர்க். அது கிடைக்கவில்லையென்றால் சிம்முக்குள் இருக்கும் பட்டியல்களைப் பார்க்க வேண்டும். சிம்முக்குள் இப்படி இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று பயனர் எழுதுவது, இன்னொன்று கம்பெனி எழுதுவது. விதிப்படி பயனர் எழுதிய பட்டியலுக்குத்தான் முதலிடம். கம்பெனியின் பட்டியல் அதற்கு அடுத்துதான். எந்த நெட்வொர்க் என்பதோடு, அதில் எந்தத் தலைமுறை என்பதையும் சேர்த்தே அதில் எழுதலாம். அந்தக் காலத்து சில பட்டன் போன்களில் ‘பிரிஃபர்டு நெட்வொர்க்ஸ்’ என்ற மெனு வழியாக அந்தப் பட்டியலைத் திறந்து, சேர்த்து, வரிசை மாற்றி வைக்க முடியும். இப்போது கடைக்கு வரும் ஸ்மார்ட்போன்களில் அதைத் தொட ஒரு மெனு இருப்பது அரிது. சிம்மில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. ஆட்டோ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டோவுக்குள்ளேயே நமக்கு ஓர் இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள், போனைச் செய்கிறவர்கள் அதன் கதவைப் பூசிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் ஊருக்கு இன்னொரு தனிச்சிக்கல், இலங்கை சிக்னல். தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், மணலில் நிற்கும்போதே ‘இலங்கைக்கு வரவேற்கிறோம்’ என்று எஸ்எம்எஸ் வரும். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். கோடியக்கரைப் பக்கமும், அதைவிட அதிகமாகக் கடலிலும் அது வரும். தேடிப் பார்த்தால் பட்டியலில் சில சமயம் பெயருக்குப் பதிலாக எண்ணாக நிற்கும்: 404, 405 என்று தொடங்கினால் இந்தியா, 413 என்றால் இலங்கை. சாதாரண பிரீபெய்டு சிம்மை அந்தப் பக்கத்து டவர் சேர்த்துக்கொள்ளாது. போன் போய்க் கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வரும். அந்த நேரமும் பேட்டரியும் வீண். ஆனால் சிங்கப்பூர் போய்விட்டு வந்து இன்டர்நேஷனல் ரோமிங்கை நிறுத்தாமல் வைத்திருந்த ஒரு போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர் குடும்பத்தோடு கோடியக்கரை சரணாலயத்துக்கு மான் பார்க்கப் போனார். மாதக் கடைசியில் பில்லோடு என்னிடம் வந்தார், நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று. அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வேலை: ஆட்டோவை நிறுத்திவிட்டு சொந்தக் கம்பெனியை மேனுவலாகத் தேர்ந்தெடுத்து வைப்பது. அப்படி வைத்தால் போன் அக்கம்பக்கம் போகாது. நல்ல வேளையாக இந்த மெனு இன்னும் பெரும்பாலான போன்களில் இருக்கிறது. சில சிம்களைப் போட்டால் மட்டும் அதுவும் தெரிவதில்லை.

சிம்மைப் போட்டால் மெனு மாறுமா என்று கேட்கிறீர்களா? மாறும். கடையில் ஒரே போனில் இரண்டு கம்பெனி சிம்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினால் வாடிக்கையாளர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு சிம்முக்கு ஏபிஎன்னில் புதிதாகச் சேர்க்கும் கூட்டல் குறி இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. ஒன்றுக்கு வோல்ட்டி (4ஜி-யிலேயே கால் பேசும் வசதி) சுவிட்ச் தெரியும், இன்னொன்றுக்குத் தெரியாது. போன் உங்களுடையது, காசு கொடுத்தது நீங்கள். எந்த மெனு தெரிய வேண்டும் என்று சொல்வது உள்ளே போகும் நகம் அளவு அட்டை.

இதன் பின்னணி ஒன்றும் ரகசியம் இல்லை. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து ‘கேரியர் கான்ஃபிக்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. சிம் யாருடையது என்று போன் பார்க்கும், அந்தக் கம்பெனிக்கு உரிய பட்டியலை எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஆண்ட்ராய்டின் மூலநிரல் பொதுவில் கிடக்கிறது, யாரும் போய்ப் படிக்கலாம். ‘ஹைட் பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்’ என்று ஒரு வரி. ‘அலவ் ஆடிங் ஏபிஎன்ஸ்’ என்று ஒரு வரி. ‘ஹைட் என்ஹான்ஸ்டு 4ஜி எல்டிஇ’ என்று ஒன்று; வோல்ட்டி சுவிட்சை மறைப்பதற்கு. மொத்த நெட்வொர்க் செட்டிங்ஸையே மறைக்கவும் ஒரு வரி உண்டு. கவனிக்க வேண்டியது, ஆண்ட்ராய்டு தருகிற ஆரம்ப நிலையில் இவை மறைக்காமல்தான் இருக்கின்றன. ஏபிஎன் சேர்க்கவும் அனுமதி உண்டு. மறை என்று மாற்றுவது அதற்குப் பிறகு கை வைக்கிறவர்கள், போன் கம்பெனியும் சிம் கம்பெனியும் கலந்து பேசி. ஐபோனிலும் இதே கதைதான். ஏபிஎன்னைப் பயனர் மாற்றலாமா என்பது அந்தந்த ஊர் கம்பெனியின் அனுமதியைப் பொறுத்தது.

மறைத்ததைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு கொல்லைப்புற வழி இருந்தது, *#*#4636#*#*. டயல் பேடில் அடித்தால் ‘போன் இன்ஃபர்மேஷன்’ திறக்கும். அதில் ‘செட் பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்’பைத் தொட்டால் ஜிஎஸ்எம் ஒன்லி, எல்டிஇ ஒன்லி, என்ஆர் ஒன்லி என்று நீளமான பட்டியல். ஜிஎஸ்எம் என்றால் 2ஜி, எல்டிஇ என்றால் 4ஜி, என்ஆர் என்றால் 5ஜி. இதை வைத்துத்தான் பல வருஷம் நான் பிழைப்பு ஓட்டினேன். இப்போது சில போன்களில் அந்த எண்ணை அடித்தாலும் திறப்பதே இல்லை. திறக்கும் சிலவற்றில், மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடுகிறது. பிளே ஸ்டோரில் ‘ஃபோர்ஸ் 4ஜி’ என்கிற மாதிரிப் பெயர்களில் கிடைக்கும் ஆப்களில் பெரும்பாலானவை வேறொன்றும் செய்வதில்லை. இதே மறைவுப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு நடுவில் விளம்பரம் போடும். போனிலேயே இருந்ததை விளம்பரம் பார்த்துத் திறக்க வேண்டியிருக்கிறது.

5ஜி-யில் இன்னொரு விதமாக இதைப் பார்த்தோம். இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1. ஐபோன் 12 வந்தது 2020-ல், உள்ளே இருக்கும் ரேடியோ அன்றைக்கே 5ஜி-க்குத் தயார். ஆனாலும் இந்தியாவில் ஐபோன்காரர்கள் எல்லோருக்கும் 5ஜி திறந்தது 2022 டிசம்பரில், ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான். ஆண்ட்ராய்டிலும் பல மாடல்கள் அப்டேட்டுக்காகக் காத்துக் கிடந்தன. கையில் இருக்கும் கருவியால் முடியும், தலைக்கு மேலே சிக்னல் இருக்கிறது, நடுவில் ஒரு மென்பொருள் வரி ‘பொறு’ என்கிறது. இப்போது எங்கள் ஊரில் நிலைமை தலைகீழ். 5ஜி ஓரத்தில் இருக்கிற வீடுகளில் போன் 5ஜி-க்கும் 4ஜி-க்கும் மாறி மாறிக் குதிக்கிறது. அந்தக் குதிப்பில் வீடியோ கால் நிற்கிறது. அவர்களுக்கு 5ஜி சுவிட்சை அணைத்துக் கொடுக்கிறேன். அந்த சுவிட்ச் இருக்கிறவரை நல்லது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் என் கடை வழியாகத்தான் வருகிறது. ‘டவரே இல்லை’ என்று வருகிற போன்களில் கணிசமானவை யாரோ ஒரு மருமகனோ பக்கத்து வீட்டுப் பையனோ மாற்றி வைத்தவை. ஏர்டெல் 2019, 2020 வாக்கில் 3ஜி-யை ஊர் ஊராக நிறுத்தியது. எப்போதோ நெட் வேகமாக வரும் என்று ‘3ஜி ஒன்லி’ போட்டு வைத்த போன்களெல்லாம் அப்போது ஊமையாகிவிட்டன. மாற்றி வைத்தவர்களுக்கு நினைவில்லை, போனை வைத்திருந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஜியோவுக்கு 2016-லிருந்தே 2ஜி, 3ஜி கிடையாது, குரலும் 4ஜி-யில்தான். அந்த சிம்மைப் போட்டுக்கொண்டு ‘2ஜி ஒன்லி’ வைத்தால் போன் வெறும் டார்ச் லைட். வோல்ட்டியை அணைத்தால் காலே போகாது. கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் இடத்தில் நான் இருந்தால் நானும் அந்த சுவிட்சை மறைக்கத்தான் சொல்வேன்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் கனமானது. அங்கே டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் 2024 அக்டோபர் 28 அன்று 3ஜி-யை மூடத் தொடங்கின. சில போன்களில் சாதாரண கால் 4ஜி-யில் போகும். ஆனால் அவசர அழைப்பு எண்ணான 000-ஐ அடித்தால் மட்டும் போன் 3ஜி-க்கு இறங்கும். 3ஜி இல்லாத ஊரில் அது எங்கே இறங்கும்? அதனால் அப்படிப்பட்ட போன்களைக் கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க்கிலிருந்தே நீக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. மெல்போர்னில் இருக்கும் என் மச்சான் மகன் இங்கிருந்து வாங்கிக்கொண்டு போன போனும் அதில் மாட்டியது. நேற்றுவரை வாட்ஸ்அப், கால் எல்லாம் ஓடிய போன். “மாமா, செட்டிங்ஸ்ல ஏதாவது மாத்துனா சரியாகுமா?” என்று கேட்டான். செட்டிங்ஸில் ஒன்றுமே இல்லை, முடிவு அங்கே எடுக்கப்பட்டுவிட்டது. உயிர் காக்கும் விஷயம் என்பதால் அந்த முடிவு தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது போன் வாங்கச் சொன்னேன்.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2021-ல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது கூகிள் ஒரு புது சுவிட்ச் கொடுத்தது, ‘அலவ் 2ஜி’. 2ஜி-யை முழுசாக அணைப்பதற்கு. காரணம் பாதுகாப்பு. 2ஜி-யில் போன்தான் டவரிடம் தன்னை நிரூபிக்க வேண்டும், டவர் போனிடம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு ‘நான்தான் டவர்’ என்று சொல்லி அக்கம்பக்கத்துப் போன்களை 2ஜி-க்கு இழுத்து, பேங்க் பெயரில் பொய் எஸ்எம்எஸ் தள்ள முடிகிறது. லண்டனிலும் பாங்காக்கிலும் அப்படிச் சுற்றியவர்களைப் போலீஸ் பிடித்திருக்கிறது. ஐபோனில் ஐஓஎஸ் 17-லிருந்து ‘லாக்டவுன் மோடு’ போட்டால் 2ஜி அணைந்துவிடும். அவசர அழைப்புக்கு மட்டும் ஆண்ட்ராய்டின் அந்த சுவிட்ச் குறுக்கே வராது என்பது நல்ல ஏற்பாடு.

ஆக, லண்டன்காரருக்கு 2ஜி வேண்டவே வேண்டாம். ஆறுகாட்டுத்துறைப் பெரியவருக்கு 2ஜி மட்டும் வேண்டும். இரண்டுமே நியாயம். ஆட்டோ என்பது சராசரி மனிதருக்காகச் செய்யப்பட்ட கணக்கு. அவர் டவருக்குப் பக்கத்தில் தரைமேல் இருக்கிறார், அவருக்கு வேகமான நெட் வேண்டும். இவர்கள் இரண்டு பேரும் அவர் இல்லை. மறைக்கத்தான் வேண்டுமென்றால் உள்ளே ஒரு பக்கத்தில் மறைத்து வைக்கட்டும். மாற்றினால் ‘இப்படி வைத்தால் கால் வராமல் போகலாம்’ என்று சிவப்பில் எச்சரிக்கட்டும். இந்த சிம்முக்கு 3ஜி நின்றுவிட்டது என்றால் போனே சொல்லிவிட்டு ஆட்டோவுக்குத் திரும்பட்டும். மருமகன் மாற்றி வைத்த போன்களுக்கும் அது தீர்வு. இதையெல்லாம் செய்ய மென்பொருள்காரர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகாது என்று நினைக்கிறேன். வரியை எடுத்துவிடுவது அதைவிடச் சுலபம், அதனால் எடுத்துவிட்டார்கள்.

கடலுக்குப் போகிறவர்களிடம் நான் இப்போது சொல்வது, பிடித்த ஸ்மார்ட்போனைக் கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள், போட்டுக்கு ஒரு பட்டன் போன், அதில் 2ஜி ஓடுகிற கம்பெனி சிம். பிஎஸ்என்எல், ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) மூன்றுக்கும் 2ஜி இன்னும் இருக்கிறது. பட்டன் போன் என்றாலும் கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும். 4ஜி பட்டன் போன்களில் சிலவற்றிலும் நெட்வொர்க் மோடு மெனு இல்லை. பழைய 2ஜி பட்டன் போன் கையில் இருந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், பேட்டரி நான் மாற்றித் தருகிறேன்.

ஸ்மார்ட்போன்தான் வேண்டும் என்றால், வாங்கும் முன் உங்கள் சிம்மை அந்த மாடலில் போட்டு மெனுவைப் பாருங்கள். ஷோரூமில் சீல் உடைக்க மாட்டேன் என்பார்கள். டெமோ பீஸில் போடச் சொல்லுங்கள். அதற்கும் முகம் சுளித்தால், அதே மாடல் வைத்திருக்கும் யாரையாவது பிடித்து அவர் போனில் பாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் கேமராவுக்கு எத்தனை கண் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருப்பார்கள், இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

எந்தெந்த மாடலில் ‘2ஜி ஒன்லி’, ‘4ஜி ஒன்லி’ இருக்கிறது, எந்த சிம்முக்குத் தெரிகிறது, எந்த அப்டேட்டில் போனது என்று ஓர் அட்டையில் எழுதிக் கடை ஷட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பாதி கட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன. இதைப் படிக்கிறவர்கள் உங்கள் போனில் ஒரு தடவை திறந்து பார்த்து, மாடல், சிம் கம்பெனி, ஆண்ட்ராய்டு எண் மூன்றையும் எழுதி அனுப்பினால் நிரப்பிக்கொள்வேன். ஐபோன்காரர்கள் ‘நெட்வொர்க் செலக்‌ஷன்’ தெரிகிறதா என்று மட்டும் சொன்னால் போதும்.